பறந்தவன் பெயரும் நடந்தவள் பெயரும்

கோம்பையில் எந்தத் தெருவில் நின்று பார்த்தாலும் மேற்கே மலைதான். மலை வளைத்து ஒதுக்கிய பள்ளத்தைத்தான் எங்கள் பக்கம் கோம்பை என்பார்கள். ஊருக்குப் பெயர் வைத்ததே மலைதான் என்று சொல்லலாம். வெளியூரில் போய் ஊர்ப் பெயரைச் சொன்னால், "ஓ, அந்த நாய் ஊரா?" என்று கேட்பார்கள். கோம்பை நாய் எங்களை விடப் பிரபலம். ஊருக்கு நேர் மேலே, கேரள எல்லையில், ராமக்கல்மெட்டு. மலையைத் தாண்டிப் போகும் இடத்தை எங்கள் வட்டாரத்தில் மெட்டு என்போம்: போடிமெட்டு, கம்பம்மெட்டு, ராமக்கல்மெட்டு. ராமன் கால் வைத்த கல் அது என்பது கதை.

என் அப்பத்தாவும் அங்கே கால் வைத்தவள்தான். ஒரு முறை இரு முறை அல்ல, இருபத்தைந்து வருடம். ஏலத்தோட்டங்களில் களையெடுக்கவும், கவாத்துப் பண்ணவும், காய் எடுக்கவும் மலையேறிப் போன பெண்களில் ஒருத்தி. விடியும் முன்னே தூக்குவாளியோடு கிளம்பி, சரிவில் ஒற்றையடிப் பாதையில் வரிசையாக ஏறுவார்கள். சில சமயம் வாரக்கணக்கில் தோட்டத்து லயத்திலேயே தங்கிவிட்டு, தலைச்சுமையோடு இறங்குவார்கள்.

1994இல் நான் கல்லூரியில் புவியியல் இரண்டாம் ஆண்டு படித்துக்கொண்டிருந்தேன். அவரவர் ஊரின் வரைபடம் ஒன்றை வரைந்துவரச் சொன்னார்கள். எங்கள் மலைச்சரிவை நான் வரைந்தேன். பாதையைக் காட்டவேண்டி அப்பத்தாவிடம் கேட்டேன். அவள் திண்ணையில் உட்கார்ந்து வெற்றிலை மென்றபடி, கண்ணை மூடிக்கொண்டு அடிவாரத்திலிருந்து உச்சி வரை ஏறினாள். ஏற ஏற ஒவ்வோர் இடத்துக்கும் பெயர் சொன்னாள். மொத்தம் பதினொன்று. ஒவ்வொன்றையும் பென்சிலால் குறித்துக்கொண்டேன்.

பிறகு மையால் எழுதும்போது அந்தப் பதினொன்றையும் விட்டுவிட்டேன். யாரும் விடச் சொல்லவில்லை. சர்வே வரைபடத்தில் இல்லாத பெயர்கள், படிக்காத பொம்பளைகள் வாய்க்கு வந்தபடி வைத்த பெயர்கள், இவற்றை எழுதினால் சிரிப்பார்கள் என்று நானே முடிவுசெய்தேன். அழிப்பானால் தேய்த்துத் துடைத்தேன். பெரிய தோட்டங்களுக்கு அவற்றின் முதலாளிகள் பெயரை மட்டும் அழகான கையெழுத்தில் எழுதினேன். நல்ல மதிப்பெண் வந்தது.

அப்பத்தா போய்ப் பல வருடம் ஆகிவிட்டது. இன்று அந்தப் பதினொன்றில் நான்குதான் எனக்கு நினைவிருக்கிறது. கைக்குழந்தையைத் தூளி கட்டிப் போட்டுவிட்டு மூச்சு வாங்கும் இடம், தூளிமரம். செங்குத்தான ஏற்றம், மூச்சுமுட்டி. சுமையை இறக்கி வைக்கத் தோதாக இடுப்பளவு உயரத்தில் நீட்டிக்கொண்டிருக்கும் பாறை, இறக்கிப்பாறை. யானைக்குப் பயந்து வாயைத் திறக்காமல் தாண்டும் ஓடை, பேசாப்பள்ளம். மீதி ஏழும் போய்விட்டன. அவற்றைத் தொலைத்தது எந்த வெள்ளைக்காரனும் அல்ல, எந்த அதிகாரியும் அல்ல. நான்தான்.

இந்தக் குற்றவுணர்வை இத்தனை வருடம் கழித்துக் கிளறிவிட்டவள் ஒரு பள்ளி மாணவி.

இப்போது நான் புவியியல் ஆசிரியை. ஒன்பதாம் வகுப்பில் அண்டார்க்டிகா பற்றிப் பேசிக்கொண்டிருந்தேன். கண்டத்தின் 98 விழுக்காட்டைப் பனி மூடியிருக்கிறது, அந்தப் பனி சராசரியாக 2 கிலோமீட்டர் தடிமன், அதற்கடியில் மலைத்தொடர்களே புதைந்து கிடக்கின்றன என்றெல்லாம் சொன்னேன். காம்பர்ட்சேவ் மலைத்தொடரை உதாரணம் காட்டினேன். ஏறக்குறைய ஆல்ப்ஸ் அளவுள்ள மலைகள். ஒரு சிகரம்கூட வெளியே தெரியாது. 1958இல் சோவியத் ஆய்வுக்குழு நிலநடுக்க அலைகளை வைத்துத்தான் அவை அங்கே இருப்பதையே கண்டுபிடித்தது. அதற்கு மூன்று வருடம் முன்பே, 1955இல், இறந்துபோன கிரிகோரி காம்பர்ட்சேவ் என்ற புவி இயற்பியலாளரின் பெயரை வைத்தார்கள்.

கடைசி பெஞ்சிலிருந்து ஒருத்தி எழுந்தாள். "ஆளே இல்லாத மலைக்கு, அதுவும் கண்ணுக்கே தெரியாத மலைக்கு, எதுக்கு டீச்சர் பேரு? யாரு கூப்பிடப் போறா?"

வகுப்பு சிரித்தது. நானும் சிரித்துவிட்டு, புத்தகத்தில் உள்ள பதிலைச் சொன்னேன். ஆய்வாளர்கள் எந்த இடத்தில் பாறை எடுத்தார்கள் என்று குறிக்க வேண்டும், விமானம் எங்கே இறங்கியது என்று தெரிய வேண்டும், ஒருவர் விபத்தில் சிக்கினால் மீட்கப் போகிறவர்களுக்கு இடம் புரிய வேண்டும். எல்லாம் உண்மைதான். ஆனால் அவள் கேட்டது அது இல்லை என்று சாயங்காலம் வீட்டுக்கு வந்து மலையைப் பார்த்தபோதுதான் உறைத்தது. பெயர் வேண்டும், சரி. யாருடைய பெயர்? யார் வைப்பது?

அன்றிலிருந்து தென்துருவத்தின் மலைப்பெயர்களைத் தேடித் தேடிப் படிக்கத் தொடங்கினேன்.

ஊருக்குள் ஒரு தெருவின் பெயரை மாற்றினாலே சண்டை வருகிறது. அங்கே வாழ்ந்தவர்கள், பழைய பெயரைச் சொல்லிப் பழகியவர்கள், கோபப்பட ஆள் இருக்கிறார்கள். அண்டார்க்டிகாவில் பூர்வகுடிகள் கிடையாது. யாருடைய பெயரையும் அழிக்காமல் பெயர் வைக்கக்கூடிய ஒரே கண்டம் அது. பெயர் சூட்டும் வேலை எங்காவது பாவமில்லாமல் நடந்திருக்க முடியும் என்றால் அங்கேதான் நடந்திருக்க வேண்டும். அதனால்தான் அது நல்ல சோதனைக்களம். வெள்ளைத் தாளைக் கையில் கொடுத்தால் மனிதர்கள் அதில் முதலில் என்ன எழுதுகிறார்கள் என்பதை அங்கே பார்க்கலாம்.

இந்தியாவின் மைத்ரி ஆய்வு நிலையம் இருக்கும் இடத்தையே எடுத்துக்கொள்வோம். ஒரு பக்கம் கடல்மேல் நீண்டு மிதக்கும் பனித்தட்டு, இன்னொரு பக்கம் கண்டத்தின் பெரும்பனி, நடுவில் சுமார் 17 கிலோமீட்டர் நீளத்துக்கு மொட்டைப் பாறைக் குன்றுகள். ஷிர்மாக்கர் குன்றுகள் என்று பெயர். 1938–39இல் நாஜி ஜெர்மனி அனுப்பிய பயணத்தில் கடல்விமானம் ஓட்டிய ரிச்சர்ட்ஹைன்ரிஷ் ஷிர்மாக்கர், மேலே பறந்தபோது இந்தக் குன்றுகளைப் பார்த்தார். பார்த்தவர் பெயர் குன்றுக்கு ஆயிற்று. அந்த விமானங்களிலிருந்து ஸ்வஸ்திகா பொறித்த உலோக அம்புகளைப் பனிமேல் போட்டுக்கொண்டே போனார்கள், நிலம் எங்களுடையது என்பதற்கு அடையாளமாக. தெற்கே, பனியைக் கிழித்துக்கொண்டு உச்சிகள் மட்டும் தெரியும் பெரிய மலைத்தொடருக்கு வோல்தாட் மலைகள் என்று பெயரிட்டார்கள். ஹெல்முத் வோல்தாட் மலையேறி அல்ல, மண்ணியலாளரும் அல்ல. கோயரிங்கின் பொருளாதாரத் திட்ட அலுவலகத்தில் உயர் அதிகாரி. பயணத்துக்கு ஏற்பாடு செய்தவர்களில் ஒருவர். திமிங்கில எண்ணெய்க்காகத்தான் அந்தப் பயணமே. எங்கள் மலையில் தோட்ட முதலாளிகளின் பெயரை நான் மையால் எழுதியது நினைவுக்கு வந்தது.

அந்த ஆட்சி ஒழிந்தது. அம்புகள் பனிக்குள் புதைந்தன. பெயர்கள் நிற்கின்றன.

1983 டிசம்பரில் இந்தியாவின் மூன்றாவது அண்டார்க்டிகா பயணக்குழு கிளம்பியது. அதில்தான் முதன்முறையாக இரண்டு இந்தியப் பெண்கள் இருந்தார்கள்: கடலியலாளர் அதிதி பந்த், ஜாதவ்பூர் பல்கலைக்கழக மண்ணியலாளர் சுதீப்தா சென்குப்தா. சென்குப்தா மலையேற்றம் படித்தவர், டென்சிங்கிடம் பயிற்சி பெற்றவர். ஷிர்மாக்கர் குன்றுகளில் இறங்கி, அந்தப் பாறைகள் எத்தனை முறை மடிந்தன, எந்த அழுத்தத்தில் உருமாறின என்று நடந்து நடந்து ஆராய்ந்தார். 1989இல் மறுபடியும் போனார். தன் அனுபவத்தை வங்காளத்தில் புத்தகமாக எழுதினார். அந்தக் குன்றுகளைக் காலாலும் சுத்தியலாலும் தெரிந்துகொண்டவர் அவர். குன்றுகளின் பெயர் இன்றும் ஷிர்மாக்கர்தான்.

வானத்திலிருந்து எடுத்த படங்களும் உழைப்புத்தான், அதை நான் மறுக்கவில்லை. பின்னால் நடந்து போகிறவருக்கு அந்தப் படங்கள் உதவும். ஆனாலும் ஒரு இடத்தை முதலில் பார்த்தவரா, அதை அறிந்தவரா, யார் பெயர் வைக்கத் தகுந்தவர் என்ற கேள்வியில், துருவத்தின் வரைபடம் கண்ணை மூடிக்கொண்டு முதலாமவர் பக்கம் நிற்கிறது. பார்ப்பதற்கு விமானம் வேண்டும், கப்பல் வேண்டும், பணம் கொடுக்கிற அரசு வேண்டும். அவை யாரிடம் இருந்தன என்பதுதான் பெயர்ப்பட்டியலின் அடியில் புதைந்திருக்கும் மலை.

"அப்படியென்றால் அங்கே பெண் பெயரே இல்லையா?" என்று நீங்கள் கேட்கலாம். இருக்கிறது, தாராளமாக இருக்கிறது. அங்கேதான் விஷயம் சிக்கலாகிறது.

1840இல் பிரெஞ்சு மாலுமி துமோன் துர்வில் தான் கண்ட கரைக்கு மனைவியின் பெயரை வைத்து அடேலி நிலம் என்றார். பிறகு ஒரு வகைப் பெங்குவினுக்கும் அதே பெயர் வந்தது. அமெரிக்கர் ரிச்சர்ட் பைர்ட் மேற்கே ஒரு பெரும்பரப்பை மனைவி பெயரால் மேரி பைர்ட் நிலம் என்றார். மைத்ரி இருக்கும் பகுதி முழுவதும் நார்வேயின் ராணி மாட் பெயரில். இந்தியாவின் இன்னொரு நிலையமான பாரதி நிற்கும் கரை இங்க்ரிட் கிறிஸ்டென்சன் கரை. இங்க்ரிட், நார்வேயின் திமிங்கில வேட்டைக் கம்பெனி முதலாளி லார்ஸ் கிறிஸ்டென்சனின் மனைவி. அந்தக் கம்பெனியின் கப்பல் தலைவர் கிளாரியஸ் மிக்கெல்சன் 1935 பிப்ரவரியில் கரையிறங்கி முதலாளியின் மனைவி பெயரை அதற்கு வைத்தார். அன்று அவரோடு இறங்கிய தன் மனைவி கரோலின் பெயரில் அருகே ஒரு மலை. இங்க்ரிட் அண்டார்க்டிகாவுக்குப் பல முறை கப்பலில் வந்தவர். ஆனால் கண்டத்தின் நிலத்தில் அவர் கால் பட்டது 1937 ஜனவரியில். அதற்கு முன்பே அவர் பெயர் அங்கே வந்துவிட்டது. 1937இல் அவரோடு மகளும் இன்னும் இரண்டு பெண்களும் இருந்தார்கள். அந்த நால்வரின் நினைவாகக் கடலடியில் ஒரு மேட்டுக்கு 'நான்கு சீமாட்டிகள் திட்டு' என்று பெயர். நான்கு பேர், பெயர் ஒன்றும் இல்லை, எண்ணிக்கை மட்டும்.

இன்னொன்று. 1947–48இல் ஃபின் ரோன் என்பவர் தலைமையில் போன குழுவில் அவர் மனைவி எடித் ரோனும், ஜென்னி டார்லிங்டன் என்பவரும் குளிர்காலம் முழுவதும் தங்கினார்கள். அண்டார்க்டிகாவில் குளிர்காலத்தைக் கழித்த முதல் பெண்கள் அவர்கள். கணவர் தான் கண்ட பரப்புக்கு எடித் ரோன் நிலம் என்று பெயர் வைத்தார். பிறகு அது பெரும்பாலும் நிலமே இல்லை, மிதக்கும் பனித்தட்டு என்று தெரிந்தது. இன்று வரைபடத்தில் அது ரோன் பனித்தட்டு. நிலம் போனது, கூடவே 'எடித்' என்ற பகுதியும் போனது. மிஞ்சியது கணவனின் குடும்பப் பெயர்.

இதைப் படித்தபோது எனக்குச் சிரிப்பும் வந்தது, வயிறும் எரிந்தது. வாக்காளர் பட்டியலில் என் அப்பத்தாவின் பெயருக்குக் கீழே எப்போதும் தாத்தாவின் பெயர் இருக்கும். தாத்தா செத்து முப்பது வருடம் கழித்தும் இருந்தது. பெண்ணுக்குக் கொடுக்கப்படும் பெயர் பல சமயம் அவளுக்கு வந்த கடிதம் அல்ல. அவள் முகவரி வழியாக வேறொருவருக்குப் போகும் கடிதம். மேரி பைர்ட் நிலம் என்பது மேரியைப் பற்றி நமக்கு என்ன சொல்கிறது? பைர்ட் எங்கே போனார் என்று சொல்கிறது.

நம் நாடும் விதிவிலக்கு இல்லை. முதல் நிலையத்துக்கு தட்சிண கங்கோத்ரி, அடுத்தது மைத்ரி, பிறகு பாரதி. மைத்ரியின் அருகே உள்ள ஏரிக்குப் பிரியதர்ஷினி. கங்கை, நட்பு, கலைமகள், ஒரு பிரதமர். எல்லாம் பெண்பால். நிலத்தையும் நீரையும் பெண்ணாக்கி அதில் நடப்பவனை ஆணாக்கும் பழக்கம் நமக்குப் பனிக்கட்டியிலும் விடவில்லை.

பெண்கள் அங்கே போக விரும்பவில்லையா? விரும்பினார்கள், கேட்டார்கள், கதவு சாத்தியிருந்தது. சோவியத் கடல்மண்ணியலாளர் மரியா கிளெனோவா 1956இலேயே அங்கே கடற்கரையை அளந்தார். அது அபூர்வம். அமெரிக்கக் கடற்படை 1969 வரை பெண் ஆய்வாளர்களைத் தன் கப்பல்களிலும் விமானங்களிலும் ஏற்றவில்லை. பிரிட்டனின் ஆய்வு நிறுவனம் 1983 வரை பெண்களைக் களப்பணிக்கு அனுப்பவில்லை. கழிப்பறை இல்லை, கடை இல்லை என்றெல்லாம் காரணம் சொன்னார்கள். பெண்கள் உள்ளே வந்தபோது பெரிய மலைத்தொடர்கள், கரைகள், பனியாறுகள் எல்லாவற்றுக்கும் பெயர் வைத்தாகிவிட்டது. பந்தி முடிந்து இலை எடுத்த பிறகு, "நீங்களும் உட்காரலாமே" என்று சொன்ன மாதிரி. ஆளில்லாத இடம் என்பதாலேயே ஓர் இடம் பாவமற்றது ஆகிவிடாது. ஆளில்லாமல் வைத்திருந்தது யார், யாரை உள்ளே விடாமல், என்றும் கேட்க வேண்டும்.

இவ்வளவு தூரம் எழுதிய பிறகு, என் வாதத்தை நானே சந்தேகித்தேன். அப்படியென்றால் தீர்வு என்ன? ஷிர்மாக்கர் பெயரை எடுத்துவிட்டு சென்குப்தா குன்றுகள் என்று மாற்றினால் நியாயம் கிடைத்துவிடுமா? ஆண் பெயர் எத்தனை, பெண் பெயர் எத்தனை என்று எண்ணிச் சரிபாதி ஆக்கினால் போதுமா?

சென்குப்தாவின் வாழ்க்கையிலேயே இதற்கு ஒரு பதில் இருக்கிறது. 1970இல், அண்டார்க்டிகா போவதற்குப் பல வருடம் முன்பு, அவர் பெண்கள் மட்டுமே அடங்கிய ஒரு மலையேற்றக் குழுவில் இருந்தார். தலைவி சுஜயா குஹா. இமாச்சலத்தின் லாஹுல் பகுதியில், சுமார் 20,000 அடி உயரத்தில், அதுவரை யாரும் ஏறாத, பெயரே இல்லாத பனிச்சிகரம் ஒன்றில் அந்தக் குழு ஏறியது. பெயர் வைக்கும் உரிமை அவர்கள் கையில் இருந்தது. தலைவியின் பெயரை வைக்கவில்லை, பணம் கொடுத்தவர் பெயரை வைக்கவில்லை, எந்த ராணியின் பெயரையும் வைக்கவில்லை. லலனா என்று வைத்தார்கள். பெண் என்று பொருள். அவ்வளவுதான். இறங்கி வரும் வழியில் சுஜயா குஹாவும் கமலா சாஹாவும் பனியாற்று ஓடையைக் கடக்கும்போது இறந்துபோனார்கள்.

முந்தைய வருடம், 1969 நவம்பரில், தென்துருவத்தில் முதன்முதலாகப் பெண்கள் ஆறு பேர் விமானத்திலிருந்து இறங்கினார்கள். யார் முதலில் கால் வைப்பது என்ற பேச்சு வந்தபோது, கைகோத்து ஒரே நேரத்தில் இறங்கினார்கள். முதல் பெண் என்று யாரும் இல்லை.

இந்த இரண்டு செய்திகளையும் படித்தபோது அப்பத்தாவின் பெயர்கள் எனக்குப் புதிதாக விளங்கின. தூளிமரம், மூச்சுமுட்டி, இறக்கிப்பாறை, பேசாப்பள்ளம். ஒன்றில்கூட ஆள் பெயர் இல்லை. 'இது என்னுடையது' என்று ஒரு பெயரும் சொல்லவில்லை. பின்னால் வருகிறவளுக்கு 'இங்கே மூச்சு முட்டும், பார்த்து ஏறு' என்றுதான் சொல்கிறது. அந்தப் பெயர்கள் வேலை செய்தன. மூச்சுமுட்டியில் ஒருத்தி வழுக்கி விழுந்தால், கீழிருந்து ஓடி வருகிறவர்களுக்கு அந்த ஒரு சொல் போதும்.

இந்த இடத்தில் நின்றுவிடத்தான் மனம் சொல்கிறது. ஆண்கள் உரிமை கொண்டாடப் பெயர் வைத்தார்கள், பெண்கள் உதவுவதற்காகப் பெயர் வைத்தார்கள் என்று முடித்தால் கட்டுரை அழகாக முடியும். ஆனால் அது பாதி உண்மை. அடக்கம் என்று நாம் மெச்சுவது பல சமயம் பழக்கிவிடப்பட்ட அடக்கம். தன் பெயரை எழுதாமல் இருப்பது பெண்ணின் பெருந்தன்மையா, அல்லது எழுத அவளுக்குத் தோன்றவே இல்லையா?

நம் ஊர்களின் பாதையோரம் சுமைதாங்கிக் கற்களைப் பார்த்திருப்பீர்கள். இரண்டு கல் நட்டு, மேலே ஒரு கல் கிடத்தியிருக்கும். தலைச்சுமையோடு வருகிறவர் யார் உதவியும் இல்லாமல் அதை இறக்கி வைத்து இளைப்பாறலாம். வயிற்றுப் பிள்ளையோடு இறந்துபோன பெண்ணின் நினைவாக அதை நடுவது வழக்கம். இறக்க முடியாத சுமையோடு போனவள், அவள் பேரில் நாலு பேராவது சுமையை இறக்கட்டும் என்று. உலகத்தில் எந்தப் பனிமலைக்கு வைத்த எந்தப் பெயரை விடவும் இது கருணையான நினைவுச்சின்னம் என்று நான் நினைத்ததுண்டு. இப்போதும் நினைக்கிறேன். ஆனாலும் கல்லைச் சுற்றி வந்து பார்த்தால் பெரும்பாலும் அவள் பெயர் இருக்காது. செத்த பிறகும் அவளுக்கு வேலை இருக்கிறது, அடுத்தவர் சுமையைத் தாங்குகிற வேலை. பெயர்தான் இல்லை.

லலனாவும் சுமைதாங்கியும் வெளிப்பார்வைக்கு ஒன்றுதான். இரண்டிலும் ஒருத்தியின் பெயர் இல்லை. ஆனால் சுஜயா குஹாவின் குழு பேனாவைக் கையில் வைத்துக்கொண்டு, தங்கள் பெயரை எழுதலாம் என்று தெரிந்தே, வேறொன்றை எழுதியது. சுமைதாங்கிப் பெண்ணிடம் யாரும் பேனாவைக் கொடுக்கவே இல்லை. எழுதக் கூடியவள் எழுதாமல் விடுவது ஒரு முடிவு. எழுதவே முடியாதவள் விட்டதை அடக்கம் என்று புகழ்வது நம் சோம்பேறித்தனம். பெயர் வேண்டாம் என்று சொல்லும் உரிமைகூட, பெயர் வைக்கும் உரிமை கிடைத்த பிறகுதான் வருகிறது. மாணவி கேட்ட கேள்விக்கு எனக்குத் தெரிந்த பதில் இதுதான். மலைக்கு யாருடைய பெயர் என்பது இரண்டாம் கேள்வி. பெயர் வைக்கிற இடத்தில் யார் யார் நின்றார்கள் என்பது முதல் கேள்வி.

அந்த இடத்தில் என் அப்பத்தாவும் முதல் ஆள் அல்ல. எங்கள் மலையில் அவளுக்கு முன்னே பளியர்கள் இருந்தார்கள், மறுபக்கம் மன்னான்களும் முதுவர்களும். தூளிமரத்துக்கு அவர்கள் மொழியில் வேறு பெயர் இருந்திருக்கும். ராமக்கல்மெட்டின் மேலே இன்று குறவன், குறத்தி சிலை பெரிதாக நிற்கிறது. இடுக்கி அணையைத் தாங்கும் இரண்டு மலைகளுக்கும் அதே பெயர்கள்தான். ராமனும் சீதையும் குளிக்கும்போது பார்த்துவிட்டார்கள் என்பதற்காகக் கல்லாகச் சபிக்கப்பட்டவர்கள் என்று கதை சொல்கிறார்கள். மலையில் பிறந்தவள் தன் மலையில் எதையோ பார்த்ததற்குத் தண்டனை. வந்துபோனவன் கால் வைத்த கல்லுக்கு அவன் பெயர். அப்பத்தாவின் பெயர்களை நான் மீட்டெடுக்கும்போது, அவற்றின் அடியிலும் வேறு பெண்களின் பெயர்கள் கிடக்கலாம் என்பதை மறந்துவிடக் கூடாது. பனிக்கடியில் மலை, மலைக்கடியில் இன்னொரு மலை.

அப்பத்தாவின் பெயரை இந்தக் கட்டுரையில் நான் எழுதவில்லை. கவனித்திருப்பீர்கள். கேட்காமல் எழுத எனக்கு உரிமை இல்லை, கேட்க அவளும் இல்லை. ஒருமுறை அவளைக் கேட்காமல் அழித்தேன், இன்னொருமுறை கேட்காமல் எழுத வேண்டாம் என்று தோன்றியது. இது சரியான முடிவா என்று எனக்கே உறுதியில்லை.

பழைய ஒற்றையடிப் பாதையில் இப்போது யாரும் அதிகம் ஏறுவதில்லை. ஏலத்தோட்ட வேலைக்குப் பெண்கள் ஜீப்பில் போகிறார்கள். அதிகாலையில் எங்கள் தெருமுனையில் ஜீப் நிற்கும். உள்ளே அடைத்துக்கொண்டு, கம்பம் வழியாகக் கம்பம்மெட்டு ஏறுவார்கள். பக்கத்து வீட்டு மதினி இருபது வருடமாகப் போகிறார். போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, பெரிய தாளை விரித்து மலைச்சரிவை மறுபடி வரைந்தேன். அப்பத்தா சொன்ன நான்கு பெயர்களையும் மையால் எழுதினேன். மறந்துபோன ஏழு இடங்களில் புள்ளி மட்டும் வைத்தேன், பெயர் இல்லாமல்.

மதினி எட்டிப் பார்த்தார். "எங்க ரோட்டையும் போடு" என்றார். போட்டேன். "இந்த வளைவுக்கு நாங்க சிக்னல் வளைவும்போம். அங்கதான் நம்ம ஊரு டவர் போயி அந்த ஊரு டவர் வரும். வீட்டுக்குப் பேசணும்னா அதுக்குள்ள பேசிரணும்." அடுத்ததைக் காட்டினார். "இது வாந்தி வளைவு. புதுசா வர்ற பிள்ளைக எல்லாம் இங்கதான்."

"இந்தப் பேரெல்லாம் யாரு வச்சது மதினி?"

"யாரு வச்சா? எல்லாரும் சொல்றதுதான்."

பேனாவை அவர் பக்கம் நீட்டினேன். "நீங்களே எழுதுங்க. கீழே உங்க பேரும் போடுங்க."

"என் பேரு எதுக்கு? என்னையவே மலைக்கு வச்ச மாதிரி ஆயிரும்" என்று சிரித்தார். சேலை முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு குனிந்து, எழுத்துக் கூட்டி, சிக்னல் வளைவு என்று எழுதினார். கொஞ்சம் தள்ளி வாந்தி வளைவு. நிமிர்ந்து பார்த்தார். பேனாவைத் திருப்பிக் கொடுக்கப் போனவர் நிறுத்தி, மறுபடி குனிந்தார்.

"எழுதுனது யாருன்னு பின்னால தெரியணும்ல" என்று சொல்லி, தாளின் ஓரத்தில், பென்ஷன் பாரத்தில் போடுவது போல, சின்னதாகக் கையெழுத்துப் போட்டார்.